முதலாளி நல்லவரா கெட்டவரா என்று கேட்டால்

கேள்வி: நீங்கள் ஆதரிக்கும் கால்பந்து கிளப்பின் உரிமையாளர் நல்லவரா, கெட்டவரா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

என் அணி கேரளா பிளாஸ்டர்ஸ். அதன் முதலாளிகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்லவர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இப்படி நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் அடி விழும். விழுந்துகொண்டுதான் இருக்கிறது. எதை வைத்து என்றும் சேர்த்துக் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், மேட்ச் பார்க்கும்போது திட்டுவதற்கு எது முதலில் வாயில் வருகிறதோ அது. கோவை நேரு ஸ்டேடியத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். கொச்சி கலூர் ஸ்டேடியத்துக்கு என்றால் பாலக்காடு போய் ரயில் பிடிக்க வேண்டும். இருந்தும் 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஊரில் பாதிப் பேர் மஞ்சள் சட்டை வாங்கினோம். சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர் என்பதே பலருக்குப் போதுமானதாக இருந்தது. கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காத என் சித்தப்பா கூட "சச்சின் டீம் என்னாச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

2016-ல் சிரஞ்சீவி, நாகார்ஜுனா, அல்லு அரவிந்த், தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத் என்று ஹைதராபாத் பக்கத்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். 2018-ல் சச்சின் தன் பங்கை விற்றுவிட்டுக் கிளம்பினார். அதன் பிறகு கிளப் நிம்மகட்டா தரப்பின் மேக்னம் ஸ்போர்ட்ஸ் கைக்குப் போனது. மலையாளிகளின் டீம், தெலுங்குப் பணம், கேலரியில் தொண்டை கிழியக் கத்துவதற்கு எங்களைப் போன்ற எல்லைத் தமிழர்கள் சிலர். இந்தக் கூட்டணி எனக்குப் பிடித்தே இருக்கிறது.

இனி குற்றப்பத்திரிகை. 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல், மூன்றிலும் தோல்வி. இன்றுவரை அலமாரியில் வைக்க ஒரு பெரிய கோப்பை இல்லை. 2023-ல் ஆட்டக்காரர் சஹல் அப்துல் சமதை கொல்கத்தாவின் மோகன் பகானுக்குக் கொடுத்தார்கள். 2024-ல் ஜீக்சன் சிங் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023-24 சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கிய டியமன்டகோஸும் அதே ஈஸ்ட் பெங்காலுக்கே போனார். மூன்று சீசனும் அணியை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோன பயிற்சியாளர் இவான் வுகமனோவிச்சை 2024 ஏப்ரலில் வழியனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த மிகேல் ஸ்டாரே டிசம்பர் தாண்டவில்லை. அந்த மாதமே ரசிகர் படையான மஞ்ஞப்பட, நிர்வாகம் திருந்தும்வரை டிக்கெட் எடுக்கப் போவதில்லை என்று அறிவித்துப் போராட்டத்தில் இறங்கியது.

வேலந்தாவளத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் என் மச்சான் அந்தப் போராட்டக்காரர்களில் ஒருவன். எனக்கு பிராய்லர் கோழி ஷெட் இருக்கிறது. அதை வைத்தே என்னை மடக்குவான். "குஞ்சா எடுத்து வளத்தறது, எடை வந்ததும் லாரில ஏத்தறது. உன்ற ஷெட்டுக்கும் பிளாஸ்டர்ஸ் ஆபீசுக்கும் என்ன மச்சா வித்தியாசம்?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் விற்பதைக் குற்றமாக என்னால் பார்க்க முடியவில்லை. விற்ற காசு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பிளாஸ்டர்ஸ் விஷயத்தில் அடுத்த பேட்ச் இறங்கவே செய்தது. விபின் மோகனன், இரட்டையர்களான அய்மனும் அஸ்ஹரும், கோல்கீப்பர் சச்சின் சுரேஷ் எல்லோரும் கிளப்பின் இளையோர் அணி வழியாக மேலே வந்த பையன்கள். முதலாளி காசை மட்டும் எண்ணுகிற ஆளாக இருந்தால் அகாடமிக்குச் செலவு செய்வது முதலில் நின்றிருக்கும்.

கோழி என்று வந்துவிட்டதால் பிளாக்பர்ன் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான கதை உலகக் கால்பந்தில் கிடையாது என்பது என் எண்ணம்.

பிளாக்பர்ன் ரோவர்ஸ் இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பழைய நெசவு ஆலை ஊரின் கிளப். அந்த ஊரில் பிறந்து இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்த ஜாக் வாக்கர் 1991-ல் அதைக் கையில் எடுத்தார். மறு ஆண்டே ஆலன் ஷியரரை வாங்கினார். 1995-ல் பிரீமியர் லீக் பட்டம். 2000-ல் வாக்கர் இறந்தார். அங்குள்ளவர்கள் இன்றும் அவரைக் குலதெய்வம் போல நினைக்கிறார்கள். 2010 நவம்பரில் அந்தக் கிளப்பை வாங்கியது நம் நாட்டுக் கோழிக் கம்பெனி, புனேயின் வெங்கீஸ். பிரீமியர் லீக் கிளப் ஒன்றை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் அதுதான். வாங்கிய அடுத்த மாதமே அனுபவசாலியான சாம் அலர்டைஸை அனுப்பிவிட்டு, பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்த ஸ்டீவ் கீனை மேனேஜர் ஆக்கினார்கள். 2012 மே மாதம் விகன் அணியிடம் தோற்று அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த மேட்ச்சில் கிளப் கொடியைப் போர்த்திய ஒரு உயிர்க்கோழியை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். 2017-ல் இன்னும் ஒரு படி கீழே, மூன்றாம் டிவிஷன். அடுத்த ஆண்டு மேலே ஏறினாலும் பிரீமியர் லீக் வாசல் இன்னும் திறக்கவில்லை.

இங்கிலாந்தில் யாரைக் கேட்டாலும் மோசமான முதலாளிகள் பட்டியலில் வெங்கீஸ் பெயரைச் சொல்வார்கள். சரி, அதே குடும்பத்தைப் பற்றி பல்லடம், நாமக்கல் பக்கம் போய்க் கேளுங்கள். குழுமத்தை நிறுவிய டாக்டர் பி.வி.ராவ் பெயருக்குப் பண்ணைக்காரர்களிடம் இன்னும் மரியாதை இருக்கிறது. முட்டைக்கு வியாபாரி வைத்ததே விலை என்றிருந்த காலம் அது. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கி, பண்ணைக்காரர்களே ஒன்றுகூடி விலையை அறிவிக்கலாம் என்று காட்டியவர் அவர். தினமும் காலையில் பேப்பரில் முட்டை விலை பார்க்கிறோமே, அதன் வேர் அங்கேதான். அவர் 1996-ல் காலமானார். கிளப்பை வாங்கியது அவருடைய பிள்ளைகள்.

ஆக, ஒரே குடும்பம். கோழித் தொழிலில் அவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கால்பந்தில் யார் பேச்சைக் கேட்பது என்பதே தெரியாமல் உள்ளே போனார்கள். அவர்கள் பணத்தைச் சுருட்டினார்கள் என்று பிளாக்பர்ன் ரசிகர்களே சொல்வதில்லை. ஆண்டுதோறும் நஷ்டத்தை ஈடுகட்டக் காசு போட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தியாவில் ஒரு விசாரணை காரணமாக, பணம் அனுப்பவே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டிய நிலை வந்தபோதும் அனுமதி கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். சொந்தக் காசைக் கொட்டியும் கெட்ட பெயர். காரணம் ரொம்பச் சாதாரணமானது: மைதானத்துப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம், கேட்ட கேள்விக்குப் பதில் கிடையாது.

இதற்கு நேர் எதிர் மான்செஸ்டர் யுனைடெட். மால்கம் கிளேசர் 2005-ல் ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு அதை வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும் பங்கு கிளப் தலையிலேயே ஏறியது. பல தலைமுறையாகக் கடனில்லாமல் இருந்த கிளப், தன்னை யாரோ வாங்கியதற்காகத் தானே வட்டி கட்டியது. ஆனாலும் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் இருந்தவரை ஐந்து லீக் பட்டம், 2008-ல் சாம்பியன்ஸ் லீக் என்று கோப்பைகள் வந்துகொண்டே இருந்தன. 2010-ல் ஒரு கூட்டம் கிளப்பின் ஆதி நிறமான பச்சை-மஞ்சள் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்த்தது. இங்கே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது வேண்டாத வேலையாகத்தான் பட்டது, ஜெயிக்கிற டீமுக்கு என்ன குறை என்று. 2013-ல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றதும் கூரை ஒழுகுவது தெரிய ஆரம்பித்தது. ஓல்டு டிராஃபோர்டில் நிஜமாகவே மழைக்கு ஒழுகுகிறது! 2024-ல் ஜிம் ராட்கிளிஃப் கால்பங்குக்கு மேல் வாங்கி உள்ளே வந்தபோது விடிவுகாலம் என்றார்கள். அவர் வந்த முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 250 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப் கதையும் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். அதன் முதலாளி தாய்லாந்தின் விச்சாய், கிளப்புக்குத் தான் கொடுத்த பத்துக் கோடி பவுண்டுக்கும் மேலான கடனைத் திரும்பக் கேட்காமல் பங்காக மாற்றினார். 2016-ல் உலகமே வாய்பிளக்கும்படி பட்டம் வந்தது. 2018-ல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபோது ஊரே அழுதது. 2023-லும் 2025-லும் அணி கீழே இறங்கியபோது அதே ரசிகர்கள் அவர் மகனின் நிர்வாகத்தை எதிர்த்துப் பேனர் பிடித்தார்கள்.

ரசிகர்களே முதலாளியாக இருந்தால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் கிளப் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, லெவர்குசன் மாதிரி சில விலக்குகளோடு. நல்ல விதி. ஆனால் பார்சிலோனாவும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கிளப்தான். அது நூறு கோடி யூரோவுக்கு மேல் கடனில் மூழ்கி, 2021-ல் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியாமல் அழுதபடி அனுப்பியது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நம்மிடம் கேட்க வேண்டுமா என்ன?

இனி எனக்கு நெருக்கமான, அதிகம் பேசப்படாத ஒரு கிளப்புக்கு வருகிறேன். சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை. நம் நாட்டின் இன்னொரு தேசிய லீகான ஐ-லீகில் ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9 அன்று நாங்கள் அங்கே இருந்தோம். மினெர்வா பஞ்சாபை ஜெயித்தால் பட்டம் உறுதி. கோழிக்கோட்டில் அதே நேரத்தில் கோகுலமும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிக்கொண்டிருந்தன. ஆரம்பித்த மூன்றாவது நிமிடமே மினெர்வா கோல் அடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, இனி ஒன்றும் இறங்காது என்பது போல வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் ஒரு கண் மைதானத்தில், இன்னொரு கண் கோழிக்கோடு ஸ்கோரைக் காட்டும் போனில். இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார். அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் எங்களுக்கு. இதை எழுதும்போதும் கை சிலிர்க்கிறது.

அந்த முதலாளி நல்லவரா? அன்று மாலை கேட்டிருந்தால் தோளில் தூக்கியிருப்போம். ஸ்பெயின்காரர்கள் சிலரையும் உள்ளூர்ப் பையன்களையும் சேர்த்து, கொல்கத்தாவின் பெரிய கிளப்பை விடக் குறைந்த செலவில் பட்டம் வென்றார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஐரோப்பாவே கோயமுத்தூருக்கு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். சில ஆண்டுகளில் ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. மான்சி உட்பட ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். என்னிடம் ஒரு ஜெர்சி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு எந்த மேட்ச்சுக்குப் போவது?

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் என் அளவுகோல் மாறியது. எத்தனை கோப்பை, எத்தனை கோடி என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தோற்றால் யார் காசு போகிறது, இந்த ஆள் நாளைக்கே விலகினால் கிளப் மிஞ்சுமா என்று பார்க்கிறேன். இங்கிலாந்தின் பரி கிளப் 1885-ல் பிறந்தது. 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அடுத்த ஆகஸ்டில் லீகிலிருந்தே நீக்கிவிட்டார்கள். நூற்று முப்பது வருஷக் கிளப் ஒன்பதே மாதத்தில் தெருவுக்கு வந்தது.

கேரளத்துக்கும் இது புதிதில்லை. 1997-ல் தொடங்கிய எஃப்.சி. கொச்சின் அதே ஆண்டில் மோகன் பகானை அடித்து டூரண்ட் கோப்பையைக் கொண்டுவந்தது. கேரளத்துக்கு முதல் டூரண்ட். 2002-ல் காசில்லாமல் கடையை மூடினார்கள். விவா கேரளா வந்தது, கைமாறியது, 2012-ல் அதுவும் போனது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்தத் தலைவலியே கிடையாது. கேரளா போலீஸ், டைட்டானியம், மின்வாரியம் என்று எல்லாம் வேலை கொடுக்கிற அணிகள். ஐ.எம்.விஜயனும் வி.பி.சத்யனும் ஆடிய கேரளா போலீஸ் 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. முழங்கால் போனாலும் சம்பளம் வரும், பிறகு பென்ஷன் வரும். முதலாளி நல்லவரா என்று யார் கேட்டார்கள்? வேலை நிரந்தரமா என்றுதான் கேட்டார்கள்.

இந்த அளவுகோலில் பிளாஸ்டர்ஸ் முதலாளிகள் பாஸ் ஆகிறார்கள். 2014-லிருந்து கிளப் நிற்கிறது. 2023-ல் பெங்களூருவுக்கு எதிரான பிளே-ஆஃபில் அணி பாதியில் வெளியேறியதற்கு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு போட்ட 4 கோடி ரூபாய் அபராதம் மாதிரி அடிகளைத் தாங்கியும் நிற்கிறது. ஐ.எஸ்.எல்.-ஐ நடத்தும் ஒப்பந்தம் முடிகிற சமயத்தில், 2025 ஆகஸ்டில் பெங்களூரு, சென்னையின் எஃப்.சி., ஒடிசா எல்லாம் சம்பளத்தையோ வேலைகளையோ நிறுத்திவைக்கிறோம் என்று கையை விரித்ததைப் பார்த்தோம். லீகே நடக்குமா என்று தெரியாத நாட்டில், கிளப் நடத்துகிறவரைச் சும்மா திருடன் என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் ஏன் நல்லவர் என்று சொல்லவில்லை? அதற்கு செவன்ஸ் பக்கம் போக வேண்டும். மலப்புரம், பாலக்காட்டில் மழை விட்டதும் தொடங்கி அடுத்த மழை வரும்வரை ஏழு பேர் ஆட்டம் நடக்கும். சூப்பர் ஸ்டுடியோ மலப்புரம், லின்ஷா மெடிக்கல்ஸ் மண்ணார்க்காடு, ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு என்று பெயரிலேயே கடை இருக்கும். ஒரு ராத்திரி ஆட்டத்தில் கோட்டோரம் பிளாஸ்டிக் சேரில் ஒரு டீமின் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அறிவிப்புக்காரரின் மைக் பக்கத்திலேயே அலறிக்கொண்டிருந்தது. டீம் இரண்டு கோல் பின்னால். கேலரிக் கயிற்றுக்கு மேலே குனிந்து ஒரு தாத்தா மலையாளத்தில் கேட்டார், அந்த ஆப்பிரிக்கக்காரனுக்குக் கொடுத்த காசில் நம் நாட்டுப் பையன் இரண்டு பேரை எடுத்திருக்கலாமே என்று. மேனேஜர் முறைக்கவில்லை. திரும்பி, "காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அவன் நேத்து ராத்திரிதான் ஏர்போர்ட்ல இறங்கினான், தூக்கமே இல்ல, இன்னும் ரெண்டு ஆட்டம் பாருங்க" என்றார். தாத்தாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் பதில் கிடைத்தது.

பிளாஸ்டர்ஸ் ஆபீசிலிருந்து எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். இவானை ஏன் அனுப்பினீர்கள், சஹல் காசு எங்கே போனது, அடுத்த மூன்று வருடத்துக்கு என்ன திட்டம் என்று கேட்டால், பளபளவென்று ஒரு வீடியோவும் நன்றி வாசகமும் போதாது. 2025 தொடக்கத்தில் ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாக அறிவித்தார்கள். அறிவித்ததே போராட்டம் வலுத்த பிறகுதான். மச்சான் அதைக் கண்துடைப்பு என்கிறான். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆலோசனை கேட்பது வேறு, கணக்குக் காட்டுவது வேறு.

கிளப்பும் ஒரு கம்பெனிதான். கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். எங்கள் கூட்டத்தில் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்யும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவனிடம் சொல்லியிருக்கிறேன், டீக்கடைச் சண்டையை நிறுத்திவிட்டு அதை எடுத்துப் பார்ப்போம் என்று. நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். முதலாளியே தாங்குகிறார் என்று இருந்தால் மச்சான் எனக்கு ஒரு பிரியாணி வாங்கித் தர வேண்டும். கிளப் பெயரில் கடன் ஏறிக்கொண்டே போகிறது என்று இருந்தால், அடுத்த போராட்டத்துக்குப் பேனர் செலவு என்னுடையது.